புண்ணைத் தொடும் கை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. கோயிலை ஒட்டி நடந்த கல்விச்சாலையும் ‘வீரசோழன்’ என்று பெயரிட்ட ஆதுலர்சாலையும், அதாவது மருத்துவச்சாலையும், அதில் கணக்கு வழக்கோடு பதிவாகியிருக்கின்றன. ஆதுலர்சாலையில் 15 நோயாளிகள் படுக்க இடம் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு. வைத்தியம் பார்க்கச் சவர்ணன் கோதண்டராமன் அஸ்வத்தாம பட்டன். ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், நிலமும் அவருக்கு உண்டு. சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு, அதாவது அறுத்துக் கீறி வைத்தியம் செய்பவருக்கு, 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்சுகிற இருவருக்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம், தண்ணீர் கொண்டுவருபவனுக்கு 15 கலம். சோழர்களின் தருமத்துக்குச் சான்றாக இந்தக் கல்வெட்டை நாம் பெருமையோடு காட்டுவது வழக்கம். அதைக் கூலிப் பட்டியலாகவும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஆறாத புண்ணோடு ஒருவர் அங்கே படுத்திருந்தால், தினமும் அந்தப் புண்ணைக் கழுவவும் துடைக்கவும் கட்டவும் வேண்டியவர்கள் பட்டியலின் கடைசியில் இருக்கிறார்கள். அளந்த நெல்லும் அவர்களுக்கே குறைவு.

நான் சொல்ல வருவது இதுதான். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கிற கால் புண்ணை எந்தத் தனி மருந்தும் ஆற்றியதில்லை. எந்தத் தனி மருத்துவரும் ஆற்றியதில்லை. பல கைகள் சேர்ந்து, நாள் தவறாமல், எழுதி வைத்துக்கொண்டு செய்கிற ஏற்பாடுதான் ஆற்றியிருக்கிறது. அந்தக் கைகளில் புண்ணை நேரே தொடுகிற கைக்கு மதிப்பு இருந்த காலத்தில் ஏற்பாடு நிலைத்தது. மதிப்பு குறைந்த காலத்தில் ஏற்பாடு குலைந்து வெறும் மருந்துச் செய்முறை மட்டும் மிஞ்சியது. காவிரிப் படுகையில் கால் புண்ணின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால், தஞ்சாவூரில் இன்று பேசப்படுகிற பாதப் பாதுகாப்பு மருத்துவம் வெளியிலிருந்து வந்து இறங்கிய புதுமையாகத் தெரியாது. அறுந்துபோன ஒரு கயிற்றை மறுபடி முடிச்சிடும் வேலையாகவே தெரியும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். திருமுக்கூடல் தொண்டை மண்டலத்தில் இருக்கிறது, சோழ நாட்டில் இல்லை. ஒரு கோயிலின் தருமசாலையை வைத்துக்கொண்டு முழுக் காலத்தையும் அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆதுலர்சாலை என்ற அமைப்பு தஞ்சைக்கும் அந்நியமானதல்ல. இராசராசனின் தமக்கை குந்தவை, தந்தை சுந்தரசோழன் பெயரால் தஞ்சையில் ஒன்றை நிறுவி நிலம் விட்டிருக்கிறாள். ஆனாலும் மறுப்பின் பாதி உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருமுக்கூடல் சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் ஏற்பட்டது. சேற்றில் நின்று நாற்று நட்ட உழுகுடிக்கு அங்கே பாய் விரித்தார்கள் என்று அந்தக் கல் சொல்லவில்லை. ஆகவே நம் முன்னோர் எல்லோருக்கும் எல்லா வைத்தியமும் கொடுத்தார்கள் என்பது என் வாதம் அல்ல. ஒரு நோயாளிக்கு ஒரு வைத்தியர் போதாது என்ற அறிவு இந்த மண்ணில் 950 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் பிள்ளையின் கையில் எழுத்தாக இருந்தது என்பதுதான் வாதம். அந்த அறிவு யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையவில்லை என்பது அதன் மறுபக்கம்.

சென்றடையாதவர்களின் கால்தான் படுகையின் கால். குறுவை, சம்பா, தாளடி என்று தண்ணீர் வயலில் நிற்கிற மாதங்கள் எல்லாம் அந்தக் கால் சேற்றில் நின்றது. விரலிடுக்குத் தோல் ஊறி வெளுத்து வெடிக்கிற சேற்றுப்புண் இங்கே நோயாகவே எண்ணப்படுவதில்லை. பருவத்தோடு வருகிற ஒன்று. ஆனால் அந்தச் சிறு வெடிப்புதான் வாசல். யானைக்கால் புழு ஏற்கெனவே நிணநீர்க் குழாய்களைக் கெடுத்து வைத்திருக்கிற காலில், அந்த வாசல் வழியாகக் கிருமி உள்ளே போகும், குளிர்காய்ச்சல் வரும், நெறி கட்டும், கால் சிவந்து வீங்கும், காய்ச்சல் இறங்கினாலும் வீக்கம் முழுதாக இறங்காது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடும். கும்பகோணத்தின் பெயரோடு யானைக்கால் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு வயல் தண்ணீர் காரணமில்லை. ஊருக்குள் தேங்கிய சாக்கடையும் அதில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவும்தான் காரணம். 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் மனித இரத்தத்தில் அந்தப் புழுவின் குஞ்சுகளைக் கண்டதும், 1877இல் சீனத்து அமோயில் மேன்சன் அவை கொசுவுக்குள் வளர்வதைக் கண்டதும்தான் இந்தத் தொடர்பைத் திறந்தன. யானைக்காலோடு முடியவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு நரம்பு சுருட்டிக்கொண்டு கணுக்கால் மேல் கறுத்து வருகிற புண், தொழுநோயில் உணர்ச்சி போன பாதத்தில் வருகிற குழிப்புண், இன்று சர்க்கரையால் வருகிற புண் எனக் காரணங்கள் வேறு வேறு. ஒன்று மட்டும் பொது: மேலே தெரிகிற புண் விளைவுதான், அடியிலே இருக்கிற காரணத்தை மாற்றாமல் மேலே எதைப் பூசினாலும் அது மூடாது, மூடினாலும் மறுபடி திறக்கும்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டார். அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி அறிந்தவர்களும் ஆங்கில மருத்துவமும் ஒரே இடத்தில் கூடின. அங்கே கையாண்ட மருந்து முறைகள் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று தொகுக்கப்பட்டு, பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலக வெளியீடுகளாக வந்தன. நீரிழிவுக்கும் விரணத்துக்கும், அதாவது புண்ணுக்கும், தனித்தனியே பகுதிகள் உண்டு. அதைவிட முக்கியமான சான்று, சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள். நோயாளியின் நிலை, செய்த சிகிச்சை, அதன் பலன் ஆகியவை கண்ணின் வண்ணப் படத்தோடு பதிவாகியுள்ளன. ஒரு நோயாளியை முதல் நாள் பார்த்தவரும் பத்தாம் நாள் பார்த்தவரும் வேறு ஆட்களானாலும் சிகிச்சை ஒன்றாக ஓடவேண்டுமானால் இப்படி ஒரு ஏடு வேண்டும். பல கைகளை ஒரே கையாக்குவது அந்த ஏடுதான். சரபோஜியின் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அரண்மனை வருமானத்தில் நின்றவை எல்லாம் தளர்ந்தன. மிஞ்சியது என்ன என்று பாருங்கள்: களிம்பும் தைலமும் எப்படிச் செய்வது என்கிற பாட்டு மிஞ்சியது, அந்தக் களிம்பை யார், எத்தனை நாள், எப்படிப் போட்டார்கள் என்கிற ஏற்பாடு மிஞ்சவில்லை. செய்முறையை ஓலையில் எழுதி வைக்கலாம். கழுவிக் கட்டுகிற கையைச் சம்பளம் கொடுத்துத்தான் வைத்திருக்க முடியும்.

அந்தக் கை ஊரில் யாரிடம் இருந்தது? ரண வைத்தியம் பெரும்பாலும் நாவிதர் குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பதும் புண்ணைக் கழுவி இலை வைத்துக் கட்டுவதும் அவர்களின் கைப்பழக்கம். ஆனால் சீழும் இரத்தமும் தொடுகிற வேலை தீட்டாயிற்று. அதைச் செய்கிறவரும் தீட்டானார். மருந்து சொல்கிற வாய் மேலே, புண்ணைத் தொடுகிற கை கீழே என்ற பிரிவு திருமுக்கூடல் நெல் அளவிலேயே தொடங்கிவிட்டது. சாதி அதைக் கெட்டியாக்கியது. ஆங்கில ஆட்சியின் மருத்துவமனை வந்தபோது அந்தக் கைப்பழக்கத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த மருத்துவமனை திடீர் நோய்க்கும் காயத்துக்கும் நல்ல இடம். ஆறு மாதம் கட்டு மாற்ற வேண்டிய காலுக்கு அங்கே படுக்கை இல்லை. முற்றினால் காலை எடுப்பதே வழி. தொழுநோய்க் காலுக்கோ வாசலே மூடியது; 1898ஆம் ஆண்டுச் சட்டம், புண் வெளியே தெரிய வீதியில் இரந்து நின்ற தொழுநோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது.

வியப்பான செய்தி என்னவென்றால், அறுந்த கயிறு மறுபடி முடிச்சிடப்பட்டது அந்த ஒதுக்கப்பட்ட காலில்தான். தொழுநோய்ப் பாதத்தில் புண் ஆறாது, சதையே கெட்டுப்போனது என்பது உலகெங்கும் இருந்த நம்பிக்கை. 1930களில் இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால், புண் உள்ள பாதத்தை மாவுக்கட்டுக்குள் வைத்து ஆற்றிக் காட்டினார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதன் காரணத்தைத் தெளிவாக்கினார்: சதை கெடவில்லை, வலிதான் போய்விட்டது. வலி தெரிகிறவர் முள் குத்தினால் நொண்டுவார்; வலி தெரியாதவர் அதே இடத்தில் மறுபடி மறுபடி மிதித்து நடப்பார். மாவுக்கட்டு அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பியது, புண் ஆறியது. ஆனால் கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பியவர் மறுபடி புண்ணோடு வந்தார். அங்கேதான் அறுவை மருத்துவரின் எல்லை முடிகிறது. காலை அளந்து செருப்புச் செய்கிறவர் வேண்டும். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் வேண்டும். தினமும் உள்ளங்காலைப் பார்க்க நோயாளிக்கே பழக்குகிறவர் வேண்டும். வேலூரிலும், 1955இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனையிலும் இவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். மைக்ரோ செல்லுலர் ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு அந்தக் கூட்டு வேலையின் பலன். மேலே விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், எடுத்தால் எழும்பும்; அடியில் முள் ஏறாத கெட்டித் தகடு; ஆணி ஒன்றுகூட இல்லை, ஒட்டியும் தைத்தும் செய்தது, ஏனென்றால் உணர்ச்சி இல்லாத காலுக்குச் செருப்பாணியே எதிரி. தோல் வேலை செய்கிறவரின் கைத்திறனும் அறுவை மருத்துவரின் அறிவும் சம எடையில் நின்ற இடம் அந்தச் செருப்பு. பிராண்ட் 1960களில் அமெரிக்காவின் கார்வில் நகருக்குப் போனபோது இந்த மாவுக்கட்டு முறையும் அவரோடு போனது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு உலகம் இன்று சிறந்த முறை என்று சொல்வது, கொழும்பிலும் வேலூரிலும் தொழுநோயாளியின் காலில் கற்றது.

தஞ்சையில் இதே பாடம் யானைக்கால் வழியாக வந்தது. 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1959இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி திறந்தது. அந்தக் கல்லூரியின் அறுவை மருத்துவர் எஸ். ஜமால், அடைபட்ட நிணநீரைச் சிரைக்குள் திருப்பிவிடும் அறுவை முறையைப் பற்றி 1981இல் ‘லிம்பாலஜி’ என்ற பன்னாட்டு இதழில் எழுதினார். 1989இல் ஆஸ்திரேலியாவின் கேஸ்லி-ஸ்மித் தம்பதியரோடு சேர்ந்து மருந்து ஆய்வின் முடிவையும் வெளியிட்டார். உலகம் பெரிதும் கண்டுகொள்ளாத ஒரு காலுக்குத் தஞ்சையிலிருந்து எழுந்த குரல் அது. அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், அந்தக் கால் மறுபடி வீங்காமல் இருப்பது வீட்டில் நடக்கிற வேலையைப் பொறுத்தது. 1990களில் பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரில் ஜெருசா டிரேயர் நோயாளிகளையே குழுக்களாகச் சேர்த்து இதை நிறுவினார். வேலை எளியது: சாதாரண சோப்பு, சாதாரணத் தண்ணீர், தொடையிலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்து, தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விலக்கி, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் துணியை நுழைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் ஒரு பொட்டும் இல்லாமல் உலர்த்துவது, வெடிப்பு இருந்தால் களிம்பு, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது. எளியதுதான், ஆனால் தினமும் செய்ய வேண்டும். பெருத்த காலோடு குனிய முடியாதவருக்கு இன்னொரு கை வேண்டும். யானைக்காலுக்கு டி.இ.சி. மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுக்கிற திட்டம் 1990களின் பிற்பாதியில் தமிழ்நாட்டில் தொடங்கிப் புதிதாக நோய் பரவுவதைத் தடுத்தது. ஏற்கெனவே வீங்கிய காலை மாத்திரை குறைக்காது. அந்தக் காலுக்கு வேண்டியது சோப்பும் துணியும் சொல்லிக்கொடுக்கிற ஒரு ஆளும்.

இப்போது சர்க்கரை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. அவர்களில் பலருக்குப் பாதம் மரத்துப்போகிறது. சிலருக்கு இரத்த ஓட்டமும் குறைகிறது. தொழுநோய்க் காலில் கண்ட அதே கதைதான், ஆள் எண்ணிக்கை மட்டும் பலமடங்கு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1981இல் மைக் எட்மண்ட்ஸ் முதலானோர் மருத்துவர், அறுவை மருத்துவர், செவிலியர், பாத பராமரிப்பாளர், காலணி செய்பவர் ஆகியோரை ஒரே அறையில் உட்கார வைத்துப் பாத மருத்துவப் பிரிவு தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அங்கே காலை வெட்டி எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். தமிழ்நாட்டு அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டமும் இந்த வழியில் வந்ததே. அது முதலில் செய்து பார்க்கப்பட்ட இடம் தஞ்சாவூர் மாவட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வைத்து, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு, “தெரிகிறதா?” என்று கேட்பதில் அது தொடங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற நோயாளி பதில் சொல்லாத இடம் எதுவோ, அதுதான் நாளைய புண்ணின் இடம்.

கெட்டிக்கார மருத்துவர் ஒருவர் இருந்தால் போதாதா, இத்தனை பேர் எதற்கு, செலவு யார் தருவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்கார மருத்துவர் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்வார், அடைப்பைத் திறப்பார். ஆனால் அவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடம். மீதி நேரமெல்லாம் அந்தக் கால் நடக்கிறது. செலவைப் பற்றிச் சொன்னால், வெட்டப்பட்ட ஒரு காலின் செலவை மருத்துவமனைக் கணக்கில் மட்டும் எழுதி முடிக்க முடியாது. கூலி போன வீட்டில் அது பல ஆண்டுகள் ஓடும். இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. காலுக்கு ஓய்வு கொடு, சேற்றில் இறங்காதே, செருப்பைக் கழற்றாதே என்று சொல்வது நடவு வேலைக்குப் போகிற பெண்ணிடம் உன் கூலியை விட்டுவிடு என்று சொல்வதாகும். 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் விரும்பியபடி வேலையிலிருந்து விரட்ட முடியாது என்ற சிறு பிடிமானமாவது பண்ணையாளுக்குக் கிடைத்தது. அவருக்கு ஓய்வு என்பது வைத்தியம் அல்ல, பட்டினி. இந்த மறுப்பை என்னால் தள்ள முடியாது. அதனால்தான் பாத மருத்துவ அறையில் மருத்துவரோடும் செவிலியரோடும் இன்னொருவரும் இருக்க வேண்டும் என்கிறேன்: உதவித்தொகைக்கு மனு எழுதுகிறவர், ஊரக வேலைத் திட்டத்தில் உட்கார்ந்து செய்கிற பணியைக் கேட்டு வாங்கித் தருகிறவர், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர். கூலி நிலவரம் தெரியாத குழு தரும் அறிவுரை, வாசல்படி தாண்டும் முன்பே உதிர்ந்துவிடும்.

2005இன் இறுதியில் தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நாட்டளவில் இறங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. ஆனால் நோய் குறைந்ததோடு, மரத்த பாதத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய பணியாளர்களும் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். எம்.சி.ஆர். செருப்பு வெட்டத் தெரிந்தவர், மாவுக்கட்டை மடிப்பில்லாமல் சுற்றத் தெரிந்தவர், கால் ஆணியைத் தோல் கிழியாமல் சீவத் தெரிந்தவர் ஆகிய இவர்களிடம் இருப்பது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லாத அறிவு. தன்வந்திரி மகாலில் பாட்டு தங்கிக் கைப்பழக்கம் போனதுபோல இங்கேயும் கையேடு தங்கிக் கை போய்விடக் கூடாது. சர்க்கரைக் காலுக்கு ஏற்படுகிற ஒவ்வொரு பாத மருத்துவ அறையும், தொழுநோய், யானைக்கால் பணியில் தேறியவர்களைத் தேடி அழைத்து, இளையவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

திருமுக்கூடல் கணக்கை எழுதியவர் ஒன்றைச் சரியாகச் செய்தார்: தண்ணீர் கொண்டுவருபவனையும் பட்டியலில் சேர்த்தார். கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் 90 கலம் வாங்கும் வைத்தியராலும் புண்ணை ஆற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தலைமை வைத்தியரின் 90 கலத்துக்கும், கவனிக்கும் பெண் ஒருத்தியின் 15 கலத்துக்கும் இடையிலிருந்த ஆறு மடங்குத் தூரத்தை அவர் கேள்வி கேட்கவில்லை. அவர் காலத்தில் அது கேள்வியும் இல்லை. நம் காலத்தில் அது கேள்வி. படுகையின் ஒரு சுகாதார நிலையம் கால்களைக் காப்பாற்றுமா என்று தெரிந்துகொள்ள, அங்கே என்ன மருந்து வந்திருக்கிறது என்பதற்கு முன்னால் வேறு இரண்டைக் கேட்க வேண்டும். கட்டு மாற்றுகிறவர் அடுத்த ஆண்டும் அதே நாற்காலியில் இருப்பாரா? அவருக்கு அளக்கிற நெல் அவர் வீட்டுக்குப் போதுமா?